ஆணி நேரான இடம்

கோயம்புத்தூர் கணபதியில், பழைய இரும்புக் கடைகளுக்கு நடுவே ஒரு பட்டறை. அரிசி மில்லுக்கும் மாவு மில்லுக்கும் அங்கே செய்கிற காந்தக் குழாய் போகிறது. ஆணி, கம்பித் துண்டு, தேய்ந்த திருகு என்று தானியத்தோடு கலந்து வருகிற இரும்பையெல்லாம் அந்தக் குழாய் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் பல் உடையாமல் இட்லி சாப்பிடுவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

குழாய்க்குள் போவது நியோடிமியம் என்கிற பலமான காந்தம். அதைக் கையாளும் அறைக்குக் கலாமணிதான் எல்லாம். வயது முப்பத்தாறு. அவளிடம் வேலை கற்க வந்தவர் மருதாசலம். முப்பது வருஷம் நூல் மில்லில் இருந்தவர், வயது ஐம்பத்தொன்பது. பட்டறையில் இதை வைத்துக் கொஞ்ச நாள் சிரித்தார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

முதல் நாள் அறை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"கையில மோதிரம், வாட்ச்சு ஏதாச்சும் இருக்குங்ளாண்ணா?"

கழற்றிக் கொடுத்தார்.

"செல்போனு?"

கொடுத்தார்.

"நெஞ்சுல மெசின் வெச்சிருக்கீங்ளா? பேஸ்மேக்கரு?"

"அதெல்லாம் நமக்கெதுக்குங் அம்மிணி," என்று சிரித்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கை தானாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

சொன்னது பொய். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு மெசின் மூன்று வருஷமாக அவருடைய இதயத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. காந்தம் நெருங்கினால் அந்தத் தாளம் தவறும்.

எதற்கு இந்தப் பொய் என்று கேட்பவர்கள் அவருடைய வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். மனைவி ராஜாமணி காலமாகி இரண்டு வருஷம். மகள் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்; பேத்தி ஒரு ஹாய் சொல்லிவிட்டு ஓடிவிடும். ஒருநாள் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டுக் கூப்பிட்ட யாரோ ஒரு பெண்ணை இருபது நிமிஷம் பேச வைத்தார். அவள் போனை வைத்ததும் அழுதார். மனுஷன் பேச்சுக்கு அந்த அளவுக்குக் காய்ந்து கிடந்தார்.

கலாமணி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் "கையைப் பாத்துங்ண்ணா", "கட்டையை வைங்ண்ணா" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அண்ணா வரும். அந்த நாற்பதுக்காகத்தான் அவர் உயிரைப் பணயம் வைத்தார்.

முதல் ஒரு வாரம் அவள் எதையும் தொடவிடவில்லை. மர மேசை, பித்தளை ஸ்பேனர், மரக் கட்டைகள். மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு காந்தம்.

"ஏனுங் அம்மிணி, உள்ளங்கையளவு இருக்குது. இதுக்கா இத்தனை பந்தா?"

இருவர் கண்ணுக்கும் கண்ணாடி மாட்டினாள். ஒரு காந்தத்தை மரச் சட்டத்தில் இறுக்கி, அதன் மேல் ஒரு கொட்டைப்பாக்கை வைத்தாள். இன்னொரு காந்தத்தை நீளமான மரப் பிடியில் பொருத்தி மெல்லக் கொண்டுவந்தாள். ஒரு சாண் தூரம் இருக்கும்போதே அது பிடியை மீறிப் பாய்ந்தது. பாக்கு தூளாகக் கிடந்தது. காந்தத்தின் மூலையும் பீங்கான் மாதிரி சில்லுச் சில்லாகத் தெறித்திருந்தது.

"அது பாக்குங்ண்ணா," என்றாள்.

மருதாசலம் தன் பத்து விரலையும் மடக்கிக்கொண்டார்.

அதன் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். ஒட்டிக்கொண்ட இரண்டை நேராக இழுக்கக் கூடாது. மேசை விளிம்பில் வைத்துப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். வழி கிடைத்ததும் நடுவில் கட்டையைச் செருக வேண்டும். மேல்பூச்சு உரிந்தால் உள்ளே துருவேறும். துளை போடவோ அரத்தால் ராவவோ கூடாது. அந்தத் தூள் தீப்பிடிக்கும்.

"சூடும் ஆகாதுங்ண்ணா. எம்பது டிகிரி தாண்டினா இழுக்கற புடி போயிரும்."

"ஆறினா வந்துருமுங்ளா?"

"போனது தானா வராதுங்."

"அப்புறம் அதை என்ன பண்ணுவீங்க?"

"தனியா ஒரு டப்பால போட்டு வெச்சிருவோம்."

அன்று சாயங்காலம் அந்த டப்பா நினைப்பில் அவருக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினார்.

மூன்று மாதம் ஓடியது. மருதாசலம் காந்தத்தை எப்போதும் வலது கையில், உடம்பை விட்டு நீட்டிப் பிடித்தே தூக்குவார். ஈரம் செய்துவிட்ட கைக்குழந்தையை எடுத்துப் போவதைப் போல இருக்கும். அண்ணா ரொம்பப் பதனம், ஜாக்கிரதையான ஆள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஒருநாள் பெரிய காந்தக் கட்டி ஒன்று வந்தது. இரண்டு கையும் வேண்டியிருந்தது. குனிந்து நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். உள்ளே தாளம் மாறியது. மேசை, சுவர், விளக்கு எல்லாம் மங்கின. கட்டியைச் சட்டத்தில் வைத்துவிட்டுத் தள்ளாடிப் பின்னால் போனார். நான்கு எட்டு வைத்ததும் எல்லாம் தெளிந்தது.

"வெயிலுங் அம்மிணி. காலைல சாப்புடலை."

கலாமணி அவரையே பார்த்தாள்.

"மத்தவங்கெல்லாம் இதுகிட்ட விரலுக்குத்தானுங்ண்ணா பயப்படுவாங்க. நீங்க வந்த நாள்லயிருந்து நெஞ்சைக் காப்பாத்திட்டிருக்கீங்க."

மருதாசலம் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். தழும்பைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய், மரத்தடியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"செத்திருப்பீங்கண்ணா."

"ஊட்ல மட்டும் என்னங் வாழுது?"

அவள் காலித் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஒரு ஆள் குரல் கேக்கோணும்னுதானுங் அம்மிணி வந்தேன். இதுக்கு மேல எட்ட நில்லுன்னா நான் எங்க போய் நிப்பேன்? கிட்டத்துல இருந்தாத்தானுங்ளே துணை?"

"மொதல்ல டாக்டரைப் பாருங்க," என்றாள். அன்றே ஆட்டோ பிடித்து அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

நான்கு நாள் கழித்து மருதாசலம் டாக்டர் சீட்டோடு வந்தார். மெசின் நன்றாக இருக்கிறது. காந்தத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. மற்ற வேலை பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. அன்று விட்டுப்போன தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

கலாமணி சீட்டை இரண்டு தடவை படித்தாள். அவரைப் பட்டறைக் கேட்டிலேயே நிற்கச் சொன்னாள். காந்த அறைக்குள் போனாள். கையில் நூலில் கட்டிய ஒரு ஆணி. அறைக் கதவு திறந்திருந்ததால் அவருக்கு எல்லாம் தெரிந்தது.

காந்தத்துக்கு எதிரே பிடித்தபோது ஆணி காற்றில் படுத்தபடி நீட்டிக்கொண்டு நின்றது. அவள் பின்னால் நடந்தாள். ஆணி சாய்ந்தது. இன்னும் நடந்தாள். ஓரிடத்தில் ஆணி நேராகத் தொங்கியது.

"அங்கதானுங்ளா அம்மிணி?" என்று கேட்டார். அது காந்தத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்ததில், உள்ளேயே இருந்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

"ஆணிக்கு அங்க. உங்களுக்கு இல்லீங்."

ஆணியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, காந்தம் அளக்கிற மீட்டரை எடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள். வாசலைத் தாண்டியதும் எண் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போயிற்று. அவள் நிற்கவில்லை. அதற்கு மேலும் பத்து எட்டு எண்ணி நடந்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு வெளிப்பக்கம் ஒரு நாற்காலி கொண்டுவந்து வைத்தாள். ஒரு கூடை மரக் கட்டையும் உப்புத்தாளும் வைத்தாள்.

"உக்காருங்ண்ணா. சிராய் இல்லாம தேச்சுக் குடுங்க. கட்டை இல்லாம உள்ள எனக்கு ஒரு வேலையும் ஓடாது."

உட்கார்ந்தார். அங்கிருந்து பார்க்க அறை வாசல் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. மற்றவர்கள் பட்டறையின் அந்தக் கோடியில், லேத்துச் சத்தத்துக்குள் இருந்தார்கள். இவர் பக்கம் ஒருவரும் இல்லை.

"இங்கயும் தனிதானுங்ளே," என்றார்.

கலாமணி உள்ளே போய்க் கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தாள். கண்ணாடி மாட்டிக்கொண்டு மேசை முன்னால் அமர்ந்தாள். அந்த அறையில் இப்போது அவள் மட்டும்தான்.

மருதாசலம் ஒரு கட்டையை எடுத்தார். தேய்க்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"காந்தம் பேச்சை இழுக்காதுங்ண்ணா. அங்கிருந்தே பேசுங்க, எனக்குக் கேக்குது."