வாயில் கிழங்கு, வாலில் பதில்

மிருகங்களுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், பொதிகை மலை அடிவாரத்தில் மாசானம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். அன்றைய முள்ளம்பன்றிக்கு முள் இப்போதுபோல உடம்பில் இறுகியிருக்கவில்லை. முதுகைச் சிலிர்த்து, மூச்சை அடக்கி, ஓர் உதறு உதறினால் முள் அம்பாகப் பாயும். முப்பது முழத்துக்கு அப்பால் இருக்கும் நெல்லிக்காயின் காம்பை மட்டும் அறுத்து, காயை நோகாமல் விழவைப்பான் மாசானம். இதை நேரில் கண்டவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேர் குரங்குகள் என்பதால் முழக்கணக்கில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

காட்டில் எந்தக் காரியமும் அவன் முள் இல்லாமல் நடக்காது. கரடிக்குத் தேனடை இறங்க வேண்டும். மான்களுக்கு எட்டாத கிளையிலிருந்து விளாம்பழம் விழ வேண்டும். மயில் வீட்டுக் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்து ஏழு முள் விட்டால்தான் மாப்பிள்ளை மணையில் உட்காருவார். சிறுத்தை தலைகாட்டினால், அதன் மீசையை உரசிக்கொண்டு ஒரு முள் போகும். அது வேறு வேலை இருப்பதுபோலத் திரும்பிவிடும்.

மாசானத்தின் மனைவி வடிவு. அவள் முதுகிலும் அதே முட்கள்தான். ஆனால் ஒன்றைக்கூட எய்து பார்த்ததில்லை. வீட்டுக்குக் கிழங்கு தோண்டவே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது.

"இந்தாரும், புதர்ல சத்தம் கேட்ட உடனே உதறிப்புடாதயும். யாருன்னு ஒரு வார்த்தை கேளும்" என்பாள்.

"கேட்டா சிறுத்தை நின்னு பேரு ஊரு சொல்லுமாக்கும்?"

"அது சொல்லாது. சொல்லக்கூடிய யாராவது வந்தா?"

"சரிட்டி, கேக்கேன். ஒனக்காக ரெண்டு தரம் கேக்கேன், போதுமா?"

சொன்னபடியே அன்று முதல் கேட்கவும் செய்தான். இதை அவன் தரப்பில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மார்கழியில் ஒருநாள் விடிந்ததும் கரடி வந்து நின்றது. "வேய் மாசானம், மருத மரத்துல தேனடை குடம் குடமாத் தொங்குது. வாரும், எறக்கித் தாரும்."

மாசானம் போனான். வடிவு ஓடையைத் தாண்டிப் போனாள். அந்தப் பக்கம் செம்மண்ணில் விளையும் வள்ளிக்கிழங்கு என்றால் மாசானத்துக்கு உயிர். இரண்டு நாளாகவே வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாசானம் திரும்பியபோது வளை காலியாக இருந்தது. வாசல் ஈரமண்ணில் சிறுத்தையின் கால்தடம், புத்தம் புதிதாக. பனி இறங்கி நாலு முழத்துக்கு மேல் கண் தெரியவில்லை. "வடிவு! ஏட்டி வடிவு!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடைப் பக்கம் ஓடினான். ஈச்சம்புதருக்குள் ஏதோ அசைந்தது.

"யாரு?"

பதில் இல்லை. அசைவு நெருங்கியது.

"யாருன்னு கேக்கேன்!"

பதில் இல்லை. மாசானம் உதறினான். மூன்று முட்கள் போயின. அவன் குறி தப்பியதே இல்லை. அன்றும் தப்பவில்லை.

புதரிலிருந்து ஒரு கிழங்கு உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது. தொடை கனத்துக்கு, ஒரு கீறல்கூட இல்லாமல் பார்த்துப் பார்த்துத் தோண்டிய கிழங்கு. அதில் வடிவின் பல் பதிந்திருந்தது. அதைக் கவ்விக்கொண்டு வந்தவளால் எப்படி வாய் திறந்து பதில் சொல்ல முடியும்?

இரண்டு முள் வடிவின் தோளில். ஒன்று காதைத் துளைத்து நின்றது. மாசானம் மூன்றையும் பல்லால் பிடுங்கினான். கரடி ஏதோ ஒரு பச்சிலையை மென்று கட்டியது. ஒன்பது நாள் வடிவுக்குக் கண் திறக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் மாசானம் வாயில் எதையும் வைக்கவில்லை. கிழங்கு அழுகிப்போனது.

பத்தாம் நாள் எழுந்த வடிவு, நொண்டிக்கொண்டே ஓடைக்கு அப்பாலிருந்த பாறை இடுக்குக்குக் குடிபோனாள்.

"நீரு வேணும்னு செய்யல. அது எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா உம்ம முள்ளு சிலிர்க்கிற சத்தம் கேட்டாலே எனக்கு மேலெல்லாம் நடுங்குது. நான் என்ன செய்ய?"

 மாசானம் நேராக வேங்கை மரத்திடம் போனான். பட்டையைக் கடித்துக் கடித்து, சிவப்பாக வழிந்த பிசினில் தலை முதல் வால் வரை புரண்டான். பிறகு உச்சி வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டான். மூன்று நாள் இதே வேலை.

"கிறுக்கு பிடிச்சிட்டா வேய்?" என்றது கரடி. "இனி தேனடை யாரு எறக்குவா?"

"நீரே ஏறும். ஒமக்குத்தான் நகம் இருக்குல்லா?"

கரடி மரமேறப் பழகியது அப்போதுதான் என்பார்கள். அது தனிக்கதை.

மாசானம் பாறை இடுக்கின் முன் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "ஏட்டி, இழுத்துப் பாரு. ஒண்ணும் அசையாது."

வடிவு ஒரு முள்ளைக் கவ்வி இழுத்தாள். வரவில்லை. இன்னொன்று. அதுவும் வரவில்லை. முள்ளை விட்டுவிட்டுக் கேட்டாள்:

"சிறுத்தை வந்தா?"

"கடிக்கட்டும்."

"கடிச்சு நீரு போயிட்டா நான் யார்கூடச் சண்டை போட?" என்று சொல்லிக்கொண்டே அவன் வாலைப் பிடித்து முன்னால் இழுத்தாள். வால் முட்களின் நுனிகளை ஒவ்வொன்றாகக் கொறித்துத் துண்டித்தாள். உள்ளே குழல்போலப் பொள்ளலாக இருந்தது. "இப்ப ஆட்டும்."

மாசானம் வாலை ஆட்டினான். சலசலவென்று சத்தம் வந்தது.

"எனக்கும் இதே மாதிரி செஞ்சு விடும்" என்று திரும்பிக்கொண்டாள். "அன்னைக்கு நீரு கேட்டீரு. நான்தான் சொல்ல முடியல. இனிமே வாயில கெழங்கு இருந்தா என்ன, வாலு சொல்லும்லா?"

மாசானம் ஒவ்வொரு நுனியாக, மெதுவாகக் கொறித்தான். அவள் நடுங்கவில்லை.

பழைய வளைக்கு இருவரும் திரும்பும் வழியில் சிறுத்தை குறுக்கே நின்றது. முள் ஒட்டிக்கொண்ட செய்தி அதற்கு எட்டியிருந்தது.

"எங்க, ஒண்ணு எய்யி பாப்போம்!"

மாசானம் எய்யவில்லை. இருவரும் வாலை ஆட்டி, நாங்கள் இன்னார் என்று சொல்லிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். சிறுத்தை பாய்ந்தது. பாய்ந்த வேகத்துக்கு அதன் மூக்கிலும் முன்னங்கால்களிலும் பன்னிரண்டு முட்கள் ஏறின.

"இனி எய்ய முடியாதுன்னு சொன்னாங்களே!" என்று கத்தியது.

"நான் எங்க எய்தேன்?" என்றான் மாசானம். "நீருல்லா வந்து ஏறுனீரு."

முள்ளம்பன்றி முள்ளை எய்யும் என்று இன்றும் சொல்லிக்கொண்டு திரிவது அந்தச் சிறுத்தையின் வகையறாதான். நாமும் அதை நம்பிவிட்டோம். முள்ளம்பன்றிகள் இதுவரை மறுப்புத் தெரிவிக்கவில்லை.

அன்று ஒட்டிய முள் அதன்பிறகு எந்த முள்ளம்பன்றிக்கும் அம்பாகப் பாயவில்லை; அன்று கொறித்த வால்நுனியும் வளரவேயில்லை. வளைக்குத் திரும்பும் முள்ளம்பன்றி வாசலில் நின்று வாலைச் சலசலப்பதும், உள்ளிருந்து இன்னொரு சலசலப்பு வரும்வரை அடி எடுத்து வைக்காமல் காத்திருப்பதும் அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான்.