முப்பத்தாறு மூடிகள்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சிஷ்யைக்கு நாற்பத்தொன்பது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நீங்கள் பாட்டுக்கு ஒரு வெள்ளைத் தாடியையும் மரத்தடியையும் நினைத்துக்கொள்வீர்கள். இங்கே மரத்தடி கிடையாது. திருச்சி புத்தூரில் ஒரு மாடி அறை, ஆளுயரக் கண்ணாடி, அதைச் சுற்றிப் பன்னிரண்டு பல்பு. குருகுலம் என்றால் அவ்வளவுதான்.

குருவின் பெயர் ஜெனோவா. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். சிஷ்யை மங்கையர்க்கரசி, இருபத்திரண்டு வருஷம் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்க ஜெனோவா அந்தக் கடைக்குத்தான் வருவாள். ஒருநாள் கடையை இழுத்து மூடிவிட்டார்கள்.

"வீட்ல சும்மா உக்காராதீங்கக்கா. எங்கிட்ட வாங்க" என்றாள் ஜெனோவா.

மங்கை வந்துவிட்டாள். பெரியவள் சின்னவளை 'மிஸ்' என்றாள், சின்னவள் பெரியவளை 'அக்கா' என்றாள். இருவருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

மருந்துக் கடைக்காரி எங்கே போனாலும் மருந்துக் கடைக்காரிதான். ஜெனோவாவிடம் கண்ணிமைக்குப் போடும் ஐஷேடோ முப்பத்தாறு இருந்தன, ஒவ்வொன்றும் தனித்தனிக் குட்டி டப்பியில். வந்த முதல் வாரமே மங்கை அத்தனை மூடியிலும் சீட்டு ஒட்டி நம்பர் போட்டாள். ஜெனோவா யாருக்கு எதைப் போடுகிறாள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். 'மாநிறம், அரக்குப் பட்டு. இமைக்கு 14, மடிப்புக்கு 22, ஓரத்துக்கு 9.' இரண்டு வருஷத்தில் நோட்டு தடித்துப் போனது. ஒரு கேள்விக்கு மட்டும் அதில் பதில் ஏறவில்லை.

"எந்த முகத்துக்கு எந்தக் கலர்னு எப்படி மிஸ் கண்டுபிடிக்கிறீங்க?"

"பார்த்துதான்கா."

எப்போது கேட்டாலும் இதே பதில். தொழில் ரகசியத்தைச் சொல்ல மனசு வரவில்லை போலிருக்கிறது என்று மங்கை உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொள்வாள். ஆனால் அந்தக் கோபம் மதியச் சாப்பாடு வரைகூடத் தாங்காது. ஜெனோவா தன் டப்பாவைத் திறந்ததும், முள் இல்லாத மீன் துண்டாகப் பார்த்து முதலில் மங்கையின் தட்டில் வைப்பாள். அப்படிப்பட்ட பெண்ணிடம் எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது?

ஜெனோவாவுக்கு வராத காரியம் ஒன்று உண்டு. கண்ணடிக்க வராது. ஒரு கண்ணை மூடப் போனால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். மணப்பெண்ணின் தோழிகளுக்கு இது தெரிந்துவிட்டால் அன்றைக்கு அந்த அறையில் வேலை நடந்த மாதிரிதான்.

அந்த வைகாசியில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தது. ஒன்று உறையூரில், இன்னொன்று லால்குடியில்.

"லால்குடிக்கு நீங்க போங்கக்கா" என்றாள் ஜெனோவா. "தனியா."

மங்கை கைப்பைக்குள் கையை விட்டு நோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது இருக்கிற தைரியத்தில் தலையாட்டினாள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க விஷயத்தைச் சொல்லியும் விட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, ஜெனோவா ஒரு தட்டையான கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே வெறுமையாக இருந்தது.

"இது என்ன மிஸ்?"

"காந்தப் பேலட்கா. அந்த முப்பத்தாறையும் இதுக்கு மாத்திடுங்க. நாளைக்கு நீங்க எடுத்துட்டுப் போறதுக்கு."

"டப்பியே நல்லாத்தானே இருக்கு?"

"முகூர்த்த நேரத்துல முப்பத்தாறு மூடியைத் திறந்து மூடிக்கிட்டு இருக்க முடியுமா? போன மாசம் ஒரு மூடி உருண்டு மேளக்காரர் காலுக்கடியில போச்சே, மறந்துட்டீங்களா?"

மங்கை மறக்கவில்லை. தவில் வாசித்துக்கொண்டிருந்தவரைக் காலைத் தூக்கச் சொன்னதே அவள்தான்.

முதல் டப்பியை ஜெனோவாவே செய்து காட்டினாள். முடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னரைச் சூடாக்கி, அதன்மேல் டப்பியின் அடிப்பாகத்தை வைத்தாள்.

"கத்தியை விட்டு நெம்பிடலாமே மிஸ்?"

"நெம்பினா பவுடர் பொடிஞ்சிடும். அடியில இருக்கிற பசை இளகட்டும். அதுவரைக்கும் சும்மா இருங்க."

சும்மா இருந்தார்கள். பிளாஸ்டிக் லேசாக மணத்தது. ஜெனோவா ஓரத்தில் ஓர் ஊசியைக் கொடுத்ததும், தகரத் தட்டோடு நிறம் ஒரு வில்லையாக மேலே எழும்பி வந்தது. அதைப் பேலட்டின் அருகே கொண்டுபோனாள். டக்கென்று அதுவே போய் ஒட்டிக்கொண்டது. மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மீதியைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஜெனோவா உறையூர் வீட்டாரைப் பார்க்கப் போனாள்.

மங்கை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வில்லையும் வெளியே வந்ததும் அதன் முதுகில் மார்க்கரால் அதே நம்பரை எழுதினாள். அவளா விடுவாள்? பன்னிரண்டரைக்குள் முப்பத்தாறும் பேலட்டில் ஏறிவிட்டன. காலி டப்பிகளையும் மூடிகளையும் பையில் கட்டி, பாட்டுப் போட்டபடி வந்த குப்பை வண்டியில் போட்டாள். பெருமை தாங்கவில்லை. பேலட்டை நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தாள்.

நாலைந்து வில்லைகள் மெல்லச் சறுக்கின.

திருப்பிப் பார்த்தால் முதுகில் பசை கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. பிறகு எப்படிக் காந்தம் பிடிக்கும்? மங்கை எல்லாவற்றையும் எடுத்துக் கவிழ்த்து வரிசையாக அடுக்கினாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கைவேகத்தில் துடைத்துக்கொண்டே போனாள். முப்பத்தாறும் பாத்திரக் கடைத் தட்டு மாதிரிப் பளபளத்தன.

நம்பர் ஒன்றில்கூட இல்லை.

மார்க்கர் மை ஸ்பிரிட்டில் போய்விடும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஸ்பிரிட் விற்றவளுக்கு அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்கிற ஆசைதான் அவளைக் கவிழ்த்தது. வில்லைகளைத் திருப்பிப் பார்த்தாள். பழுப்பிலேயே ஒன்பது இருந்தன. ஒன்பதும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பையிலிருந்த நோட்டு இப்போது எதற்கும் ஆகாது.

ஜெனோவா திரும்பி வந்தபோது மங்கை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பேலட் திறந்திருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பதினாலு எதுன்னு தெரியல மிஸ்."

"பதினாலு எப்படிக்கா இருக்கும்?"

மங்கை யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். மூடியும் சீட்டும் தன் கையெழுத்தும் நன்றாகவே நினைவுக்கு வந்தன.

"பதினாலு... பதினாலு மாதிரி இருக்கும் மிஸ்."

ஜெனோவா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது மங்கைக்கு.

"லால்குடிக்கு வேற யாரையாவது அனுப்பிடுங்க" என்றாள் மங்கை. "அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு ஒரு நாள்தான். அவ முகத்தை நான் கெடுத்துவெச்சா, அது ஆல்பத்துல காலத்துக்கும் இருக்கும். எனக்கு வேண்டாம் மிஸ். நான் பழையபடி மூடி திறந்து கொடுத்துக்கிட்டு இருக்கேன்."

"மூடிதான் இல்லையேக்கா இப்போ" என்றாள் ஜெனோவா.

சொல்லிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். துண்டால் ஒற்றினாள். மணப்பெண்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"போடுங்க."

"என்ன மிஸ்?"

"என் கண்ணுக்குப் போடுங்க. நாளைக்கு நான்தான் கல்யாணப் பொண்ணு. அரக்குப் பட்டு."

"எந்தக் கலர்?"

ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மிஸ், எந்தக் கலர் சொல்லுங்க."

கீழே தெருவில் ஒரு பழவண்டி மைக்கில் கத்திக்கொண்டு போனது. அது முனை திரும்பும்வரை மங்கை பிரஷ்ஷும் கையுமாக நின்றாள். அதற்குப் பிறகும் நின்றாள். நாற்காலியில் இருந்தவள் அசையவில்லை.

வேறு வழியில்லாமல் மங்கை அந்த முகத்தைப் பார்த்தாள்.

இரண்டு வருஷமாகத் தினம் பார்த்த முகம்தான். ஆனால் வலது புருவத்துக்குக் கீழே ஓர் அம்மைத் தழும்பு இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. இமையின் உட்கோடியில் லேசாகக் கருமை படர்ந்திருந்தது. இடது இமை வலதைவிடக் கொஞ்சம் சரிந்திருந்தது. இந்தப் பெண் சரியாகத் தூங்குவதே இல்லை என்று மங்கைக்குத் தோன்றியது. தோன்றியதும் நெஞ்சு இளகியது. தான் பெறாத பெண், தன்னைக் கூப்பிட்டு ஓர் இடம் கொடுத்த பெண், இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளே!

ஒன்பது பழுப்பில் ஒன்றை விரலால் தொட்டுத் தன் மணிக்கட்டில் தடவினாள். ஜெனோவாவின் கன்னத்தருகே கையைப் பிடித்துப் பார்த்தாள். சாம்பல் அடித்தது. அடுத்ததைத் தொட்டாள். செம்மண் கலந்த பழுப்பு. அது அந்தத் தோலோடு போய்ச் சேர்ந்துகொண்டது. கோடியில் இருந்த கருமைக்கு ஒரு வெளிறிய பொன். மடிப்புக்கு, நன்றாகக் கொதித்த டிகாக்‌ஷன் நிறம். ஒவ்வொன்றுக்கும் என்ன நம்பர் என்று முதலில் மனசு தேடிக்கொண்டிருந்தது. வலது கண் முடிவதற்குள் தேடுவதை விட்டுவிட்டது.

ஜெனோவாவின் மூச்சு சீராக வந்தது. பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

"முடிஞ்சிருச்சு மிஸ். பாருங்க."

ஜெனோவா கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாள். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கக்கா? ஒண்ணையும் காணோமே?"

"கண்ணைத் திறந்து வெச்சா எப்படித் தெரியும்? இமைதான் மடிஞ்சிடுதே."

ஜெனோவா கண்ணை மூடினாள்.

"இப்பவும் காணோம்."

"ஐயோ மிஸ்! ஒரு கண்ணை மட்டும் மூடிப் பாருங்க."

ஜெனோவா ஒரு கண்ணை மட்டும் மூடினாள். இரண்டும் மூடிக்கொண்டன. மறுபடி முயன்றாள். மூக்கு சுருங்கியது, வாய் ஒரு பக்கம் கோணியது, இரண்டும் மூடிக்கொண்டன. மங்கை சிரிக்கத் தொடங்கினாள். மதியத்திலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. கண்ணில் வந்த தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"விளையாடாதீங்க மிஸ். சரியா இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் ஜெனோவா. அவள் விளையாடுகிற மாதிரி இல்லை. மூடிய கண்ணோடு முகத்தை நிமிர்த்தி மங்கையின் பக்கம் திருப்பினாள். "திறந்தா கலர் மறைஞ்சிடுது. மூடினா கண்ணாடி மறைஞ்சிடுது. நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

மங்கையின் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஓரடி பின்னால் போய்ப் பார்த்தாள். கிட்டே வந்து பார்த்தாள். இடது இமை இன்னும் சரிந்துதான் தெரிந்தது. கை பேலட்டின் பக்கம் போனது, தயங்காமல் அந்தப் பொன் வில்லையைத் தொட்டது, இடது இமையின் நடுவில் ஒரு பொட்டு வைத்து விரலால் கரைத்தது.

"இப்போ?" என்று கேட்டாள் ஜெனோவா.

"இப்போ சரியா இருக்கு மிஸ்."

"அப்போ சரி" என்றாள் ஜெனோவா, கண்ணைத் திறக்காமலே. "காலைல நாலு மணிக்கு வண்டி வரும்கா. இப்போ போய்ச் சாப்பிடுங்க."