வீரணன் தொலைத்த ஏழு ஆப்புகள்

மூங்கிலாற்றுக் காட்டில் வீரணன் என்ற கரடி மரம் அறுத்துப் பிழைத்து வந்தது. எவ்வளவு பெரிய மரமானாலும் பொழுது சாய்வதற்குள் கீழே தள்ளிவிடும் என்று காடு முழுக்க அதற்குப் பேர். யாராவது அதைச் சொல்லிக் கேட்டால் போதும், வீரணனுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

மரம் அறுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ரம்பம் பாதி தூரம் போனதும் மரம் தன் பாரத்தால் அமுங்கி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அதனால் வெட்டு வாயில் ஓர் ஆப்பை வைத்துக் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். ஆப்பு செய்து கொடுப்பது ஊசிக்காளை என்ற முள்ளம்பன்றியின் வேலை. கருங்காலிக் கட்டையைப் பல்லாலேயே கொறித்துச் செதுக்கும். அது செய்த ஒவ்வோர் ஆப்பிலும் இரண்டு பல் தடம் இருக்கும்.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தொடங்கிய மரத்தை அன்றே சாய்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் அதில் தழைக் கொத்து ஒன்றைக் கட்டி, நாலு பேரிடம் சொல்லிவிட வேண்டும். பாதி அறுத்த மரம் ஆப்பின் தயவில்தானே நிற்கிறது? பலமாகக் காற்றடித்தால் யார் தலையில் விழும் என்று யாருக்குத் தெரியும்?

வீரணன் தன் வாழ்நாளில் தழை கட்டியதே இல்லை. ஆனால் தேனெடுக்கப் போய் விழுந்ததிலிருந்து அதன் வலது தோள் பழைய தோளாக இல்லை. பாதி மரத்திலேயே கை ஓய்ந்துவிடும். தழை கட்டினால் குரங்குகள் சிரிக்குமே! ஆப்பை மரத்திலேயே விட்டுவிட்டு நைசாக நழுவிவிடும். பிறகு சின்ன மரமாகப் பார்த்து அறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

ஆப்பு எங்கே என்று ஊசிக்காளை கேட்டால், தொலைந்துவிட்டது என்று சொல்லும். மூன்றாவது முறை கேட்டபோது, மரத்து முனி பிடுங்கித் தின்றுவிட்டது என்றது. இந்தக் கதை பரவி மனைவி மாடத்தியின் காதுக்கும் போனது. தாய்வீட்டில் பிரசவம் முடிந்து, கைக்குட்டியோடு அப்போதுதான் குகைக்குத் திரும்பியிருந்தாள் மாடத்தி. அவள் கேட்டதும் வீரணன் பொய்க்குக் கையும் காலும் வைத்தது.

"அந்த முனி பனிமூட்டத்துலதான் வரும். நமக்கு வேண்டியவங்க குரல்லயே கூப்பிடும். என் வாசனைகூட அதுக்கு வரும். பனி விலகுற வரைக்கும் நானே கூப்பிட்டாலும் வாசலை அடைச்சிருக்கிற பாறையைத் தள்ளிடாதே, மாடத்தி!"

மாடத்தி குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவளுடைய பயத்தைப் பார்க்க வீரணனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அற்பப் பெருமை!

மழைக்காலம் நெருங்கியது. பட்டப்பகலிலேயே பனி இறங்கி மூன்று நாள் காட்டை மூடிக்கொண்டது. இலை அசையவில்லை. அந்த அமைதியில்தான் காடு முனக ஆரம்பித்தது. தொண்டை அடைத்தவர் வலியில் முனகுவது போல ஒரு சத்தம். கிழக்கே கேட்கும், நிற்கும், பிறகு ஆற்றங்கரையில் கேட்கும். முதலில் மைனாக்கள் கூட்டைவிட்டுப் போயின. அடுத்து அணில்கள். முனி பசியோடு அலைகிறது என்று எல்லாரும் ஒடுங்கிக் கிடந்தார்கள். தான் கட்டிவிட்ட கதைதான் என்று தெரிந்தும் வீரணனுக்கே முதுகு ரோமம் சிலிர்த்தது.

பனி இறங்கியதிலிருந்து வீரணன் வீட்டுக்குப் போகாமல் மரம் அறுக்கும் இடத்திலேயே தங்கியிருந்தது. நான்காம் நாள் காலை அங்கே ஊசிக்காளை வந்தது. கோபமாக எதுவும் பேசவில்லை.

"அண்ணே, இது முனி இல்ல. பனி ஈரத்துல ஆப்பு மேல பாரம் ஏறுனா மரம் இப்படித்தான் முனகும். உச்சிப் பொழுதுக்குள்ள மேல்காத்து பலமா அடிக்க ஆரம்பிச்சிடும். எந்தெந்த மரம்னு மட்டும் சொல்லுங்க."

வீரணனால் தலை நிமிர முடியவில்லை. கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தது.

சத்தத்தைக் காதில் பிடித்துக்கொண்டே இருவரும் பனிக்குள் போனார்கள். மான்கள் தண்ணீருக்குப் போகும் தடத்தில் ஒரு தேக்கு. முயல் வளைகளுக்கு மேலே ஒரு வேங்கை மரம். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஆப்பில் இரண்டு அடி போட்டால் போதும், மரம் காலி இடத்தில் சாயும். தெறித்து விழும் ஆப்பை ஊசிக்காளை பொறுக்கிக்கொள்ளும். இப்படி ஆறு மரங்கள் விழுந்தன. முடிந்தது என்று வீரணன் மூச்சு விட்டது.

"நான் கொடுத்தது ஏழு," என்றது ஊசிக்காளை.

அப்போது அந்த முனகல் மறுபடி கேட்டது. மிக ஆழமாக, மிக மெதுவாக. சத்தம் வந்த திசையில் வீரணன் போயிற்று. தடம் பழகிய தடமாக இருந்தது. காலுக்கு ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. பனி சற்றே விலகியபோது எதிரே நின்றது அதன் சொந்தக் குகை. குகைக்கு மேலே சாய்ந்திருந்தது அந்தப் பெரிய மருத மரம்.

மாடத்தி தாய்வீட்டில் இருந்தபோது, குட்டிக்குத் தொட்டில் செய்யலாம் என்று அறுக்கத் தொடங்கி, முதன்முதலாகப் பாதியில் விட்ட மரம். அவள் கண்ணில் படாதிருக்க வெட்டு வாயில் பாசியும் மண்ணும் அப்பி மறைத்திருந்தது. அப்படி மறைத்ததில் தானே அதை மறந்துபோயிருந்தது. இதை அடித்துச் சாய்க்கவும் வழியில்லை. விழுந்தால் குகை மேல்தான் விழும்.

மேல்காற்றின் முதல் வீச்சு வந்தது. மருதம் ஒருமுறை அலறியது.

"மாடத்தி! குட்டியைத் தூக்கிட்டு வெளிய வா!"

உள்ளே சத்தமே இல்லை. வீரணன் பாறையை முட்டியது. உள்ளிருந்து முட்டுக் கொடுத்த பாறை, அசையவில்லை. தோள் வலியில் தெறித்தது.

"நான்தான் மாடத்தி, உன் வீட்டுக்காரன்! முனியெல்லாம் பொய்! மரத்தைப் பாதியில விட்டது நான்தான்!"

பாறைக்குப் பின்னாலிருந்து நடுங்கிய குரல் வந்தது.

"நீதான் முனி! என் வீட்டுக்காரர் எந்த மரத்தையும் பாதியில விட்டவர் இல்ல. போயிடு!"

வீரணனுக்கு அழுகை வந்தது. தான் ஊட்டி வளர்த்த பேரும் தான் சொன்ன பொய்யும் சேர்ந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. ஊசிக்காளையின் கையிலிருந்த ஆறு ஆப்புகளையும் வீரணன் பிடுங்கி, பாறை இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக உள்ளே போட்டது.

"தடவிப் பாரு. முனி தின்னுடுச்சுன்னு நான் சொன்ன ஆப்பு எல்லாம் இதோ முழுசா இருக்கு. ஊசிக்காளை பல்லு தெரியுதா?"

உள்ளே கட்டைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை. பிறகு ஒரு பெருமூச்சு. பாறை நகர்ந்தது.

மாடத்தி குட்டியோடு பத்தடி தாண்டியிருப்பாள். ஏழாவது ஆப்பு தெறித்து அவள் காலடியில் வந்து விழுந்தது. மருதம் குகையை நசுக்கிக்கொண்டு தரையைத் தொட்டது. மாடத்தி அந்த ஆப்பைப் பார்த்தாள். பிறகு வீரணனைப் பார்த்தாள்.

அதன் பிறகு வீரணன் தோள் வலித்த அன்றெல்லாம் தழை கட்டியது. குரங்குகளும் சிரித்தன, இரண்டு நாளில் சிரித்து ஓய்ந்தன. ஆனால் பனி இறங்கும் நாட்களில் புதிய குகை வாசலில் நின்று அது கூப்பிட்டால், மாடத்தி உடனே பதில் சொல்வதில்லை. உள்ளே கொஞ்ச நேரம் யோசிப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க வீரணன் பனியில் நின்றுகொண்டிருக்கும்.

தன் குறையை மறைக்க ஒருவர் சொல்லும் பொய், ஆபத்து வரும் நாளில் அவர் வீட்டு வாசலையே அவருக்கு அடைத்துவிடும்.