அடுத்த மூட்டை

மடத்துச் சமையலறை சீடர் தணிகாசலத்தின் பொறுப்பில் இருந்தது. ஊர் ஒதுக்கிவைத்த பெண்கள் எட்டுப் பேருக்கு அங்கே வேலை கொடுத்தவர் அவர்தான். அதைத் தினம் இரண்டு முறையாவது சொல்லுவார்.

ஒருநாள் காலை குருவிடம் வந்தார்.

"சுவாமி, ஏழு பேர் போய்ட்டாங்க. மிச்சமிருக்கிற பூரணமும் செங்கல் சூளைக்குக் கிளம்பிட்டா. வாசல்ல துணிப்பையோட நிக்கிறா. எவ்வளவு செஞ்சாலும் இவங்க ஏன் நிலைக்க மாட்டேங்கறாங்க?"

"என்ன வேலை கொடுத்தே?"

"வெங்காயம் உரிக்கணும்."

"அப்புறம்?"

"நறுக்கணும்."

"அப்புறம்?"

"அடுத்த மூட்டை. அவளும் இதையேதான் கேட்டா சுவாமி. மூணு வருஷமா உரிக்கிறேன், எனக்கு அடுத்து என்னன்னு. அடுத்த மூட்டைதான்னு சொன்னேன்." சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

குரு சிரிக்கவில்லை. "உப்பு யார் பார்க்கிறது?"

"நான்தான். கரண்டியை யார்கிட்டயும் கொடுக்கறதில்ல."

அது ஊருக்கே தெரியும். மதியச் சாம்பாருக்குப் பிறகு குரு இரண்டு சொம்பு தண்ணீர் குடிப்பார். அது ஏதோ யோக சாதனை என்று சீடர் பெருமையாகச் சொல்லிவந்தார்.

குரு வாசலுக்குப் போய்ப் பூரணத்தை அழைத்துவந்தார். சீடரின் கரண்டியை வாங்கி அவளிடம் கொடுத்தார்.

"இன்னைக்குச் சமையல் உன்னுது, தாயி."

அவள் கரண்டியை முந்தானையால் துடைத்தாள். "நான் ஆக்கினா சாப்பிடுவாங்களா சாமி?"

"முதல் பந்தியில நான் உட்காருறேன்."

தணிகாசலம் வெங்காயத்தின் பக்கம் அனுப்பப்பட்டார். பூரணம் ஒரு பிடி உப்புப் போட்டாள். "மூணு பிடி!" என்று அங்கிருந்து கத்தினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மதியம் பந்தியே இரண்டாம் முறை சாம்பார் கேட்டது. குரு சொம்பைத் தொடவில்லை.

"நாளைக்கு எத்தனை பேருக்கு ஆக்கணும் சாமி?" என்று கேட்டாள் பூரணம்.

"அதையெல்லாம் இனிமே நீதான் சொல்லணும்."

அவளுடைய துணிப்பை ஆணியில் ஏறியது. பார்க்கவே மனசு நிறைந்தது.

சாயங்காலம் தணிகாசலம் கண்ணும் மூக்கும் ஒழுக மூட்டையை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சுவாமி, எனக்கு அடுத்து என்ன?"

"கரண்டி அவகிட்ட இருக்கு. அவளைக் கேளு."

சீடர் பூரணத்தைப் பார்த்தார். அவளும் கரண்டியோடு அவரைப் பார்த்தாள்.

அவர் கேட்கவில்லை. அடுத்த மூட்டையைத் தானே பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.