பவுனுவின் காதுகுத்தும் மாமன்மார் சுட்ட பிஸ்கட்டும்

சொக்கநேரியில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மழை வந்தால் குடை நனைந்துவிடுமே என்று அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்கள். மூத்தவர் வேலாண்டி, அடுத்தவர் உடையார், கடைசி இசக்கி.

அவர்கள் தங்கை வடிவுக்குப் பவுனு என்று ஒன்றரை வயது மகள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த பிள்ளை, ஓரிடத்தில் நிற்காது. அன்றைக்கு அதற்குக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடி தன் மடியாக இருக்க வேண்டும் என்பது வேலாண்டியின் பேராசை. மடி கசங்கிவிடக் கூடாதென்று ஒரு வாரமாக அவர் உட்காரவே இல்லை, பாவம்.

அண்ணன்மாரை நம்பி அடுப்பை விட வடிவுக்கு மனமில்லை. இருந்தாலும் முன்னால் கோயிலுக்குப் போக வேண்டியிருந்ததால் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"அண்ணே, மாவுல நெய்யும் சீனியும் போட்டு வச்சிருக்கேன். புள்ள கன்னம் மாதிரி மெத்துன்னு வார வரைக்கும் பிசைங்க. வட்டமா தட்டி, மணல் சட்டிக்குள்ள வச்சு மூடி, பிஸ்கட் சுட்டு எடுத்துட்டு வாங்க. அடுப்புப் பக்கத்துல புள்ள இருக்கக் கூடாது. காது குத்தையில அழுகச் சத்தம் கேட்டா உடனே வாயில ஒரு பிஸ்கட்ட வையுங்க. புள்ள மட்டும் அழுதுச்சு, பக்கத்து வீட்டுத் தாணு மடிக்கு மாத்திருவேன்."

வேலாண்டி பிசைந்தார். உடையார் மாவை ஒரு அமுக்கு, அதே கையால் ஓடுகிற பவுனுவின் கன்னத்தை ஒரு அமுக்கு என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"கன்னம் மெத்துன்னு இருக்குண்ணே. மாவு பத்தல."

அண்ணன் மறுபடி பிசைந்தார், தம்பி மறுபடி அமுக்கினார். கடைசியில் கன்னம் முழுக்க மாவு அப்பிப்போனது.

"இப்ப ரெண்டும் ஒண்ணுபோல இருக்குண்ணே."

"ஒட்டுதாலே?"

"ரெண்டுமே ஒட்டுது."

"அப்பம் பதம் சரி," என்றார் வேலாண்டி நிம்மதியாக.

சட்டியைக் கரி அடுப்பில் ஏற்றியதும் பவுனு நேராக அடுப்பைப் பார்த்து ஓடி வந்தது. மூவரும் கூடி யோசித்தார்கள்.

"புள்ளயப் பிடிச்சு வைப்பமாண்ணே?" என்றான் இசக்கி.

"அது சொன்ன பேச்சு கேக்காதுல. அடுப்பு கேக்கும்," என்றார் வேலாண்டி.

இதைவிட நியாயமான பேச்சு சொக்கநேரியில் நடந்ததில்லை. அடுப்பின் இரண்டு பக்கப் பிடி வளையத்திலும் கம்பைச் செருகி, உடையாரும் இசக்கியும் சட்டியோடு தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பவுனுவுக்குக் கொண்டாட்டம், துரத்தியது. அடுப்பு வாசலைத் தாண்டித் தெருவில் ஓடியது. அதன் பின்னால் பிள்ளை, பிள்ளையின் பின்னால் மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வேலாண்டி. நல்லவேளையாக அந்தத் தெரு கோயிலில் போய் முடிந்தது. கோயிலையும் ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் கரி அணைந்தது.

மூடியைத் திறந்தால் பிஸ்கட் பொன்னிறமாக வெந்திருந்தது. வடிவு ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். குறை சொல்ல வழியில்லை.

"உக்காருங்கண்ணே," என்று பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டு விபூதி வாங்க உள்ளே போனாள். வேலாண்டிக்குப் பிறந்த பயனை அடைந்த மாதிரி இருந்தது.

ஆசாரி ஊசியை எடுத்தார். பவுனுவின் உதடு பிதுங்கியது. தாணு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான்.

"ஆசாரியாரே, நிறுத்தும்! இந்தக் காதுல குத்தினா அழும்," என்று பதறினார் வேலாண்டி.

"நல்ல நேரம் போகுதுய்யா. குத்தியே ஆகணும்."

"குத்த வேண்டாம்னு யாரு சொன்னா? எனக்கும் ரெண்டு காது இருக்குல்லா. இதுல குத்தும்."

ஆசாரிக்கு அடுத்த ஊரில் இன்னொரு காதுகுத்து காத்திருந்தது. யார் காது என்று பஞ்சாங்கத்திலும் போடவில்லை.

வடிவு விபூதியோடு திரும்பியபோது பவுனு மடியில் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் கம்மல் இரண்டும் அண்ணன் காதில் மின்னின. கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார் அவர்.

"அண்ணே, என்ன கூத்து இது?"

வேலாண்டி தலையை மட்டும் ஆட்டினார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"அழுகச் சத்தம் கேட்டுச்சும்மா, வாயில பிஸ்கட் வச்சிருக்கோம்," என்றான் இசக்கி.

உடையார் அண்ணன் கன்னத்தை அமுக்கிப் பார்த்தார். கல்லாக இருந்தது.

"இன்னும் பதம் வரல," என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிசைய ஆரம்பித்தார்.