மஞ்சள் பாலுக்கு விலை பேசியவன்

முதல் பால் கெட்ட பால் என்று முதன்முதலில் சொன்னாயே, உன்னைத்தான் கேட்கிறேன். உன் பேர் தெரியாது, முகம் தெரியாது. அந்த ஒரு சொல்லால் எத்தனை பிள்ளைகள் வாடினார்கள் என்று மட்டும் தெரியும். ஓடாதே, இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் போ. பெரியவர்களே, பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன்னால், ஏழு காடு தாண்டி, ஏழு ஆறு தாண்டி ஒரு நாடு இருந்தது. அங்கே குயில் கூவும், நாய் குரைக்கும், பிறந்த பிள்ளை மட்டும் அழாது. தொட்டில் ஆடும், சத்தம் வராது. பாதிப் பிள்ளை பிழைக்கும், பாதி போய்விடும்.

அந்த நாட்டு வழக்கம் இது. பெற்றவள் மூன்று நாள் ஊருக்கு வெளியே ஓலைக் குடிசையில் தனியாகக் கிடக்க வேண்டும். மஞ்சளாகச் சுரக்கிற முதல் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் வாசலில் வைத்துவிட வேண்டும். பிள்ளைக்குத் தேனும் கழுதைப்பாலும். இதே ஊர்தான், மாடு கன்று போட்டால் சீம்பாலை வெல்லம் போட்டு அவித்துச் சப்புக்கொட்டித் தின்னும்!

அந்த ஊரில் பவளாயி என்று ஒருத்தி, தலைப்பிள்ளையை அப்படித்தான் பறிகொடுத்து மண்ணில் வைத்தாள். இரண்டாவதாக ஒரு பெண் பிறந்தது. புருஷன் உப்பு வண்டியோடு போயிருந்தான். மாமியார் வேலிக்கு அப்பால் நின்றுதான் பேசினாள். பவளாயிக்குத் துணை ஓலை, காற்று, அழாத பிள்ளை.

முதல் நாள் ஒரு மந்திரவாதி வந்தான்.

"கெட்ட பாலைக் கொடு, நல்ல தேனை வாங்கு."

கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தான். வரும்போது நரைத்திருந்த தாடி, போகும்போது கறுத்திருந்தது. பார்த்துவிட்டாள். ஆனால் யாரிடம் சொல்வாள்?

இரண்டாம் நாளும் வந்தான்.

"கெட்ட பாலைக் கொடு, நல்ல தேனை வாங்கு."

கொடுத்தாள். கூனிய முதுகு நிமிர்ந்தது. பிள்ளையோ துணியாய்த் துவண்டது.

மூன்றாம் நாள் காலையில் மாமியார் குரல் கொடுத்தாள். "அடியே, கழுதையை வேலியில கட்டியிருக்கேன். ஒரு சங்குப் பால் கறந்து புகட்டு!"

பவளாயி கழுதை மடியில் கை வைத்தாள். கழுதை திரும்பிப் பார்த்துப் பேசியது.

"என் குட்டி பொறந்து எழுந்ததும் என் மஞ்சப்பாலைத்தான் குடிச்சுது. பாரு, எப்படித் துள்ளுது! என் பால் உன் புள்ளைக்குன்னா, உன் பால் யாருக்குடி?"

"அது கெட்ட பால்."

"யாரு சொன்னா?"

"ஊரு சொல்லுது."

"ஊரு என்னையும்தான் கழுதைன்னு கேவலமாச் சொல்லுது. என் பாலுக்கு மட்டும் சங்கைத் தூக்கிட்டு வருது!"

அதற்குள் மந்திரவாதி வந்துவிட்டான்.

"கெட்ட பாலைக் கொடு, நல்ல தேனை வாங்கு."

"இன்னைக்கு இல்லை" என்றாள்.

"ஒரு குடம் தேன்?"

"வேண்டாம்."

"வெள்ளித் தொட்டில்?"

"வேண்டாம்."

"தங்க மாளிகையே தர்றேன், ஒரு கிண்ணம் கொடு தாயே!"

பவளாயி எழுந்து நின்றாள். "கெட்டுப்போன பண்டத்துக்கு எவன்டா மாளிகை குடுப்பான்? நீ விலையை ஏத்த ஏத்தத்தானே தெரியுது இதோட அருமை!"

பிள்ளையை வாரி மார்பில் வைத்தாள். வந்தது சொட்டுச் சொட்டாகத்தான். பிள்ளை சப்பியது, விழுங்கியது, மூச்சு வாங்கியது. பிறகு வீறிட்டு அழுதது! அந்த நாட்டில் கேட்ட முதல் அழுகை.

மந்திரவாதி தாடி நரைத்தான், கூனினான், சருகாகிப் பறந்தான். அழுகை அடுத்த குடிசைக்குக் கேட்டது. அங்கே ஒருத்தி தன் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளையை அணைத்தாள். அதற்கடுத்த குடிசையிலும் ஒருத்தி. மாலைக்குள் எல்லாக் குடிசையிலும் அழுகை.

மாமியார் வேலியைத் தாண்டி வந்து பவளாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாலு புள்ளைக்கும் நான் மொதப் பாலைக் கொட்டினேனே தாயீ. வேணாம்னு தடுக்க எனக்கு ஒரு ஆளு இல்லையே" என்றாள். அவள் தோளில் பவளாயி சாய்ந்துகொண்டாள்.

மந்திரவாதி தொலைந்தான். நீ தொலையவில்லை. பெற்ற அறையின் வாசலில் இன்னும் சர்க்கரைத் தண்ணீரோடு நிற்கிறாய். உள்ளே ஒருத்தி தனியாக, கேட்க ஆளில்லாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையில் இருப்பதைக் கீழே வை. உள்ளே போ. கெடுத்த வாயாலேயே அவளிடம் சொல்: "அந்தப் பால்தான் தாயே நல்ல பால், இப்போதே கொடு." போ, சொல்!