பூசணி சாம்பல் பூசிக்கொண்ட காலை

அந்தக் காலத்தில் காய்களும் பூச்சிகளும் பேசின. தோட்டக்காரர்களுக்கு அது புரிந்தது. சாம்பல் பூசணிக்கு அப்போது சாம்பல் கிடையாது. எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

வேலாத்தாளின் தோட்டத்தில் ஒரு பூசணிக்கொடி. அதில் மூன்று காய்கள். பேச்செல்லாம் கடைக்குட்டியுடையது. பக்கத்துப் பந்தலில் அவரை. அதில் அசுவினிப் பேன் அப்பியிருந்ததால், வேலாத்தாள் தினமும் பனி ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவுவாள்.

"என்னடி அவரை, சாமியாராகிட்டியா? எந்த மடம்?" என்று சிரித்தது கடைக்குட்டி.

"சிரி, சிரி. எனக்கு அரிப்பு நின்னுபோச்சு" என்றது அவரை.

"உனக்கும் கொஞ்சம் போடட்டுமா, தாயி?" என்றாள் வேலாத்தாள்.

"ஐயய்யோ! என் பளபளப்பு என்னாகிறது?"

அந்த வாரமே ஒரு பழ ஈ வந்தது. "பிள்ளைகளுக்கு வீடு பார்க்கிறேன். என்ன குளிர்ச்சி, என்ன வழவழப்பு!" என்று பெரிய காயைப் புகழ்ந்துகொண்டே துளையிட்டு முட்டை வைத்தது. நான்கே நாளில் காய் அழுகி விழுந்தது. பிறகு நடுக்காயும் விழுந்தது.

அடுத்த நாள் ஈ கடைக்குட்டியிடம் வந்தபோது வெயில் ஏறியிருந்தது.

"வேலாத்தா! சாம்பல்!" என்று அலறியது பூசணி.

கூடையோடு ஓடிவந்து தூவினாள். ஒரு பொடிகூட நிற்கவில்லை. எல்லாம் வழுக்கி மண்ணில் விழுந்தது.

"பனி இருக்கும்போதே கேட்டிருக்கக் கூடாதா, மவளே? ஒட்டமாட்டேங்குதே!"

கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஈ பந்தற்காலில் உட்கார்ந்து முன்னங்கால்களைத் துடைத்துக்கொண்டது. "மெதுவா ஆகட்டும். நான் இருக்கேன்."

பூசணி கீழே பார்த்தது. அக்காமார் இருவரும் கிடந்தார்கள். அதற்கு அழுகை வந்தது. கண் இல்லாத உடம்பு. அதனால் அழுகை தோல் முழுக்க முத்து முத்தாகத் துளிர்த்தது. வேலாத்தாள் கூடையை அப்படியே கவிழ்த்தாள். சாம்பல் அப்பிக்கொண்டது.

ஈ வந்து இறங்கியது, வழுக்கியது, நான்கு முறை தும்மியது. "சீ! சுண்ணாம்பு காயாத வீடு! பிள்ளைகுட்டிகளுக்கு ஆகாது" என்று அடுத்த தோட்டம் பார்த்துப் பறந்தது.

கேலி செய்ய அவரைக்கு நல்ல சந்தர்ப்பம். ஆனால் அது தரையில் கிடந்தவர்கள்மேல் இரண்டு பூக்களை உதிர்த்தது.

அன்றிலிருந்துதான் பூசணி முற்றும்போது, யாரும் தூவாமலே, தன் மேல் தானே நீறு பூத்துக்கொள்கிறது. அவரைக்கு அப்படியோர் அழுகை வரவில்லை. அதற்கு மட்டும் இன்றும் பனி காயுமுன் நாம்தான் எழுந்துபோய்த் தூவவேண்டியிருக்கிறது.